பெயர் மாறிய சோகம்

1963 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் மூன்று வாரங்கள் முதலிடத்தில் இருந்த பாட்டின் பெயர் ‘சுகியாக்கி’. சுகியாக்கி என்பது மாட்டிறைச்சியைச் சோயா சாற்றில் வேகவைத்து ஜப்பானியர் சாப்பிடும் ஒரு பதார்த்தம். பாட்டில் இறைச்சியும் இல்லை, அடுப்பும் இல்லை. ஒருவன் இரவில் தனியாக நடந்து போகிறான்; கண்ணீர் கீழே விழாமல் இருக்க முகத்தை மேலே தூக்கிக்கொள்கிறான். அவ்வளவுதான். 1961ல் ஜப்பானில் வெளிவந்தபோது அதன் பெயர் ‘உஎ ஓ முயிதே அருகோ’. மேலே பார்த்தபடி நடப்போம் என்று பொருள்.

பெயரை மாற்றியவர் இங்கிலாந்தின் பை ரிக்கார்ட்ஸ் கம்பெனித் தலைவர் லூயிஸ் பெஞ்சமின். ஜப்பானுக்குப் போன இடத்தில் மெட்டைக் கேட்டவர், கென்னி பாலின் ஜாஸ் குழுவை வைத்து வெறும் வாத்திய இசையாக அதை வெளியிட்டார். அசல் பெயர் ஆங்கில நாக்கில் புரளாது என்று, தனக்குத் தெரிந்த பதார்த்தத்தின் பெயரை வைத்துவிட்டார். பிறகு வாஷிங்டன் மாநிலத்தில் பாஸ்கோ என்ற சிற்றூரின் ரேடியோ அறிவிப்பாளர் ஒருவர் ஜப்பானிய மூலத்தையே ஒலிபரப்ப, நேயர்கள் விடவில்லை. கேபிடல் கம்பெனி இசைத்தட்டைக் கொண்டுவந்தது. ‘மூன் ரிவர்’ பாட்டுக்கு ‘மாட்டிறைச்சிக் குழம்பு’ என்று பெயர் வைத்து ஜப்பானில் விற்பது மாதிரி இது என்று நியூஸ்வீக் கேலி செய்தது. நியாயமான கேலி. ஆனால் பெயர் ஒன்றுதானா மாறிப்போனது?

எழுதியவர் எய் ரோகுசுகே, ரேடியோவுக்கும் டெலிவிஷனுக்கும் எழுதிக்கொண்டிருந்தவர். 1960ல் அமெரிக்க-ஜப்பான் பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து டோக்கியோவில் தெருவுக்கு வந்தவர்களில் ஒருவர். அந்த மே மாதம் பிரதமர் கிஷி நொபுசுகே எதிர்க்கட்சி உறுப்பினர்களைப் போலீசை விட்டுத் தூக்கி அப்புறப்படுத்திவிட்டுக் கீழ்சபையில் ஒப்பந்தத்தை நிறைவேற்றிக்கொண்டார். ஜூன் 15ல் பாராளுமன்ற வளாகத்தில் நடந்த மோதலில் கன்பா மிச்சிகோ என்ற மாணவி இறந்தார். நான்கு நாள் கழித்து, மேல்சபையில் ஓட்டெடுப்பே இல்லாமல், நள்ளிரவில் ஒப்பந்தம் தானாக அங்கீகாரம் பெற்றது. கிஷி பதவி விலகினார், ஒப்பந்தம் விலகவில்லை. அடுத்து வந்த இகேதா ஹயாத்தோ பத்து வருஷத்தில் தேசிய வருமானத்தை இரட்டிப்பாக்குவதாகச் சொன்னார். ஜனங்கள் தெருவிலிருந்து வீட்டுக்குப் போனார்கள். டெலிவிஷன் வாங்கினார்கள். அந்த டெலிவிஷனில்தான், என்.எச்.கே.யின் வாராந்திர நிகழ்ச்சி ஒன்றில், இந்தப் பாட்டு பிரபலமாயிற்று.

போராட்டத் தோல்வியின் மனநிலையில் எழுதியதாக எய் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு நடிகையின்மீது வைத்த காதல் தோற்றதுதான் காரணம் என்ற கதையும் வழங்குகிறது. இரண்டும் உண்மையாயிருக்கலாம், ஒரே ஆள் ஒரே வருஷத்தில் இரண்டு விதமாகத் தோற்கக்கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. முக்கியமான விஷயம், பாட்டுக்குள் இரண்டுமே இல்லை. அவன் ஏன் அழுகிறான் என்பதற்கு ஒரு வார்த்தை கிடையாது.

போராட்டத்தின் வலியை எடுத்துச் சர்க்கரைப்பாகில் போட்டுச் சந்தைக்கு அனுப்பிவிட்டார், இது சமரசம் என்று நம்மிடையே உள்ள ஒரு சாரார் சொல்வார்கள். காரணத்தைத் தேடுவதே ரசனைக்கு விரோதம், பாட்டு தன்னளவில் பூரணமானது என்பார்கள் மறுசாரார். இரண்டும் சுலபமான பேச்சு. வங்கிகளில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று தெரியாத தொகை அதில் போய் உட்காரும். தொகை பொய்யல்ல, பைசா சுத்தமாக நிஜம். கணக்கின் பெயர் மட்டும்தான் இல்லை. எய் தன் துக்கத்தை அப்படி வைத்தார் என்று தோன்றுகிறது. கூட்டமாகத் தோற்றவர்கள் தனித்தனியாகத்தானே வீட்டுக்கு நடந்தாக வேண்டியிருந்தது? அந்த நடையைத்தான் அவர் எழுதினார். கோஷத்தை எழுதியிருந்தால் அது 1960ஐத் தாண்டியிராது.

அந்த முகம் தூக்கலையும் நம்பிக்கை என்று வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அது ஓர் உடல் உபாயம். நிரம்பின பாத்திரத்தைச் சிந்தாமல் எடுத்துப்போகிறவனின் ஜாக்கிரதை.

மெட்டு நகாமுரா ஹச்சிதாயினுடையது, ஜாஸ் பியானோக்காரர். ஆரம்ப அடிகள் ஐந்தே ஸ்வரங்களில் நிற்கின்றன; நம் கணக்கில் மோகனம். மோகனத்தில் யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. தாளமும் துள்ளி நடக்கிறது. இந்த முரண்தான் பாட்டின் உயிர் என்பேன். பாடிய சகாமோட்டோ கியூவுக்கு அப்போது இருபது வயது நிரம்பவில்லை. ராக்கபில்லி மேடைகளிலிருந்து வந்தவர், எழுத்துக்களை விக்கல் மாதிரி உடைத்து உடைத்துப் பாடினார். தன் வார்த்தைகளை இப்படிச் சிதைக்கிறானே என்று எய்க்கு முதலில் கோபம் வந்ததாம். கவிஞர்களுக்கு வருகிற கோபம்தான். ஆனால் உடைகிற தொண்டையை உடையாதது போலக் காட்டுகிற பாவம் அந்த விக்கலில் இருக்கிறது. வார்த்தை தீர்ந்த இடத்தில் சீட்டியடிக்கிறார். அந்தச் சீட்டிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

1981ல் எ டேஸ்ட் ஆஃப் ஹனி என்ற அமெரிக்கக் குழு ஆங்கில வார்த்தைகளோடு இதைப் பாடி மூன்றாம் இடம் வரை போனது. அதில் சோகத்துக்குக் காரணம் வந்துவிட்டது, பிரிந்துபோன காதலன். குரல்கள் இனிமையானவை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காரணம் தெரிந்ததும் நாம் அவளுக்காக இரங்குகிறோம். நம் துக்கத்தை வைக்க அங்கே இடமில்லை. மொழி புரியாத 1963 கேட்பவருக்கு அந்த இடம் இருந்தது. புரியாமையின் லாபம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. மொழி தெரிந்த ஜப்பானியருக்கும் காரணம் சொல்லப்படவில்லையே.

1985 ஆகஸ்ட் 12 மாலை ஹனேடாவிலிருந்து ஒசாகாவுக்குக் கிளம்பிய ஜப்பான் ஏர்லைன்ஸ் 123ஆம் எண் விமானம் மலையில் மோதியது. 524 பேரில் நான்கு பேர் பிழைத்தார்கள். இறந்தவர்களில் சகாமோட்டோவும் ஒருவர்; வயது 43. அதன்பின் பாட்டைக் கேட்கிற ஜப்பானியர் அதில் இன்னொரு துக்கத்தையும் சேர்த்தே கேட்டார்கள்.

2011 மார்ச்சில் பூகம்பமும் சுனாமியும் வந்தபோது மறுபடி இதைத்தான் எடுத்தார்கள். நடிகர்களும் பாடகர்களும் வரிக்கு ஒருவராக மாற்றி மாற்றிப் பாடிய படத்தைத் தொலைக்காட்சியில் போட்டது சன்டோரி என்ற மதுபானக் கம்பெனி. எய் அப்போது உயிரோடிருந்தார், 2016ல்தான் காலமானார். பாடினவர்களில் பலர் 1960க்குப் பின் பிறந்தவர்கள். எந்த ஒப்பந்தத்தை எதிர்த்து அவர் தெருவில் நடந்தாரோ அது இன்றும் அமலில் இருக்கிறது.