சிறுவர் சிரசுக்கு ஒரு கவசம்

சைக்கிள் பந்தய வீரர்கள் நெடுங்காலம் அணிந்துவந்த தோற்பட்டைக் கவசம் சிராய்ப்பைத் தடுத்ததேயன்றி, மண்டையோட்டின்மீது விழும் அடியின் வேகத்தைத் தணிக்கும் சக்தியற்றதாகவே இருந்தது. 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் நிறுவனம், கடினமான ஓட்டினுள் பாலிஸ்டைரீன் நுரையைப் பொதித்துச் சைக்கிளுக்கென்றே ஒரு கவசத்தை வெளியிட்ட பின்னர்தான், தான் நசுங்கி மூளையைக் காக்கும் சாதனம் சாமானியருக்கும் கிட்டிற்று.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமோ, பாடசாலைகளில் போதனை செய்தும், கவசம் வாங்குவோர்க்குப் பணச்சலுகை அளித்தும், பல ஆண்டுகள் பொறுமையுடன் ஜனங்களின் மனத்தைப் பக்குவப்படுத்திய பிறகே, 1990 ஜூலை 1 முதல் சிறுவர், பெரியவர் என்ற பேதமின்றி யாவர்க்கும் அதைக் கட்டாயமாக்கிற்று. உலகில் இத்தகைய முதற்சட்டம் இதுவே. 31 சதவீதமாயிருந்த உபயோகம் ஓராண்டுக்குள் 75 சதவீதமாயிற்று, தலைக்காயங்களும் குறைந்தன. ஆனால் மெல்போர்ன் வீதிகளில் சைக்கிளேறும் வாலிபப் பருவத்தினரின் தொகையும் குறைந்ததென்பதை மறைப்பது நியாயமாகாது.

நெதர்லாந்து வேறு மார்க்கம் கண்டது. 1970களில், வாகனங்களுக்குப் பலியான குழந்தைகளுக்காகப் பெற்றோர் வீதியில் இறங்கிப் போராட, அத்தேசம் காலப்போக்கில் சைக்கிள்களுக்கெனத் தனிப்பாதைகளை விரிவாக அமைத்தது. அங்கே பிள்ளைகள் இன்றும் பெரும்பாலும் வெறுந்தலையுடனேயே பள்ளி செல்கின்றனர். அவ்விதப் பாதைகள் இல்லாத ஊரில், கவசமின்றிக் குழந்தையை அனுப்ப என் மனம் ஒருகாலும் துணியாது. ஸ்வீடனோ 2005இல், பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கு மட்டுமே கவசத்தை விதியாக்கிற்று.