28 எழுத்துக்குள் ஒரு சண்டை!

முதலில் மூச்சை நன்றாக இழுத்துக் கொள்ளுங்கள். இழுத்தாச்சா? இப்போது நிறுத்தாமல் சொல்லுங்கள் பார்ப்போம் - ஆன்ட்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்ட்டேரியனிசம்!

உங்கள் வகுப்பிலும் ஒரு 'மேதாவி' இருந்திருப்பான். இன்டர்வெல்லில் வந்து 'இதுக்கு ஸ்பெல்லிங் சொல்லேன்' என்று மடக்குவான். ஆங்கிலத்தில் மொத்தம் 28 எழுத்துக்கள். நாமும் திக்கித் திணறி பாதி தூரம் போய்க் கவிழ்ந்து விடுவோம். 'சரி, அர்த்தம் என்னடா?' என்று திருப்பிக் கேட்டால் பையன் மெள்ள நழுவி விடுவான். காரணம், அவனுக்கும் தெரியாது!

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 1955-ல், அமெரிக்க டி.வி.யில் '64,000 டாலர் கேள்வி' என்று ஒரு குவிஸ் நிகழ்ச்சி. அதில் பால்டிமோரைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தி இந்த வார்த்தைக்குத் தப்பில்லாமல் ஸ்பெல்லிங் சொல்லி, ஒரே ராத்திரியில் நாடு முழுக்கப் பிரபலமானாள். அங்கேயும் ஸ்பெல்லிங்தான் பரீட்சை. அர்த்தம் அல்ல!

வார்த்தையை ரயில் பெட்டிகள் மாதிரி கழற்றிப் பார்க்கலாம். நடுவில் இருப்பது 'எஸ்டாப்ளிஷ்' - நிலைநாட்டுவது. அரசாங்கமே ஒரு மதத்தை 'இதுதான் நம் நாட்டின் மதம்' என்று சட்டம் போட்டு நிலைநாட்டுவதற்கு 'எஸ்டாப்ளிஷ்மென்ட்' என்று பெயர். முன்னால் 'டிஸ்' சேர்த்தால், அப்படி நிலைநாட்டியதைப் பிடுங்குவது. அதற்கும் முன்னால் 'ஆன்ட்டி' (எதிர் வீட்டு ஆன்ட்டி அல்ல!) சேர்த்தால், பிடுங்குவதை எதிர்ப்பது. ஆக, அரசுக்கும் சர்ச்சுக்கும் உள்ள முடிச்சை அவிழ்க்கக் கூடாது என்று அடம்பிடிக்கிற கொள்கை!

ஒன்று கவனித்தீர்களா? ஆங்கிலம் 'இல்லை' என்பதைத் தலையில் வைக்கிறது. தமிழ் அதை வாலில் வைக்கும். கல்லாமை, கொல்லாமை, நிலையாமை... எல்லாவற்றிலும் கடைசியில்தான் மறுப்பு. (அநீதி, அதர்மம் எல்லாம் வடமொழி வழியாக வந்தவை.) அதனால்தான் தலையில் இரண்டு மறுப்பை அடுக்கிக்கொண்டு வரும் வார்த்தையைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றுகிறது!

அது சரி, இப்படியொரு வார்த்தைக்கு என்ன அவசியம் வந்தது? அங்கேதான் கதை.

1534-ல் எட்டாம் ஹென்றி, போப்பாண்டவரோடு முறைத்துக்கொண்டு, 'இங்கிலாந்து சர்ச்சுக்கு இனி நானே தலைவர்' என்று சட்டம் போட்டார். அடுத்த இரண்டே வருடத்தில் அயர்லாந்துக்கும் அதே ஏற்பாடு. இங்கிலாந்து மக்கள் மெள்ள மெள்ளப் புது சர்ச்சுக்கு மாறினார்கள். அயர்லாந்து மக்கள்? பெரும்பாலானவர்கள் அசைந்து கொடுக்கவில்லை, கத்தோலிக்கர்களாகவே இருந்தார்கள். 1861 சென்ஸஸ் கணக்கைப் பாருங்கள். அயர்லாந்தின் ஜனத்தொகை சுமார் 58 லட்சம். அதில் கத்தோலிக்கர்கள் சுமார் 45 லட்சம். அரசாங்க சர்ச்சைச் சேர்ந்தவர்கள் 7 லட்சம் பேர்கூட இல்லை!

ஆனால் அந்த 7 லட்சம் பேரின் பாதிரியாருக்குப் படியளந்தது யார்? எல்லோரும்தான். 'தசமபாகம்' என்று விளைச்சலில் ஒரு பங்கைக் கத்தோலிக்க விவசாயியும் கொடுத்தாக வேண்டும். அவன் காலடி எடுத்து வைக்காத சர்ச்சுக்கு! கொடுக்காவிட்டால் ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் விடுவார்கள். 1830-களில் விவசாயிகள் 'கொடுக்க முடியாது' என்று கிளம்பினார்கள். சரித்திரம் இதை 'தசமபாகப் போர்' என்றே குறிப்பிடுகிறது.

1834, டிசம்பர் 18. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. கார்க் மாவட்டத்தில் ராத்கார்மக் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு விதவைத் தாயின் வீட்டுக்குப் பாக்கி வசூலிக்க வந்தார் ஆர்ச்டீக்கன் - அதாவது, சர்ச்சின் உயர் பதவியில் இருந்தவர். கூடவே போலீஸ், ராணுவம்! பாக்கி வெறும் 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு என்பார்கள். ஊர் திரண்டு வழிமறித்தது. துப்பாக்கிகள் வெடித்தன. குறைந்தது ஒரு டஜன் பேர் பிணமானார்கள்.

இது நடந்து நாலு வருடம் கழித்து, 1838-ல், லண்டனில் ஒரு புத்தகம் வெளியானது. 'அரசாங்கத்துக்கும் மனசாட்சி உண்டு. உண்மையான மதம் எதுவோ அதைத்தான் அது ஆதரிக்க வேண்டும். மெஜாரிட்டி, மைனாரிட்டி என்று தலையை எண்ணக் கூடாது' என்பது அதன் சாரம். அயர்லாந்து சர்ச்சும் அப்படியே நீடிக்க வேண்டுமாம்! எழுதியவர், 28 வயது இளம் எம்.பி. - வில்லியம் கிளாட்ஸ்டன். அசல் 'ஆன்ட்டிடிஸ்...' ஆசாமி! மறுவருடமே அந்தப் புத்தகத்தைக் கிழி கிழியென்று கிழித்து ஒரு விமரிசனம் வந்தது. எழுதியவர், அப்போதுதான் இந்தியாவிலிருந்து திரும்பியிருந்த மெக்காலே. ஆம், நம்மை இங்கிலீஷ் படிக்க வைத்த அதே மெக்காலேதான்!

கிளாட்ஸ்டன் யோசிக்க ஆரம்பித்தார். 1845-ல், அயர்லாந்தில் கத்தோலிக்கப் பாதிரியார்கள் படிக்கும் கல்லூரிக்கு மானியத்தை உயர்த்த அரசு முடிவு செய்தது. 'நான் எழுதியதற்கு இது விரோதம்' என்று மந்திரி பதவியை ராஜினாமா செய்தார். பிறகு வெளியே வந்து அதே மசோதாவை ஆதரித்து ஓட்டுப் போட்டார்! நண்பர்கள் தலையைச் சொறிந்தார்கள். மனுஷர் மாறிக் கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

1868 தேர்தலில் அவர் கையில் எடுத்த முக்கியமான விஷயமே, அயர்லாந்து சர்ச்சின் அரசு அந்தஸ்தை நீக்குவதுதான். அமோக வெற்றி! மரம் வெட்டுவது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. கோடரியும் கையுமாக இருந்தபோது தந்தி வந்தது - மகாராணியின் தூதர் வருகிறார், பிரதமர் பதவி நிச்சயம் என்று. வெட்டுவதைச் சற்று நிறுத்தி, 'அயர்லாந்தை அமைதிப்படுத்துவதே என் வேலை' என்று சொல்லிவிட்டு, மறுபடி கோடரியை ஓங்கினாராம்.

எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. மகாராணி விக்டோரியாவுக்கே இது பிடிக்கவில்லை. பிஷப்புகள் கொதித்தார்கள். 'ராணி இதற்கு ஒப்புக்கொண்டால் கிரீடத்தை பாய்ன் நதியில் உதைத்துத் தள்ளுவோம்' என்று ஒரு பாதிரியார் மேடையில் முழங்கினார். ஆனாலும் மக்கள் சபையில் 118 ஓட்டு வித்தியாசத்தில் மசோதா முக்கியக் கட்டத்தைத் தாண்டியது. பிரபுக்கள் சபை ஏகப்பட்ட பேரம் பேசிவிட்டுப் பணிந்தது. 1869 ஜூலையில் சட்டம். 1871 ஜனவரி 1-ந் தேதி அமல். 'உண்மையான மதம்' என்று கிளாட்ஸ்டன் எதற்காகப் புத்தகம் எழுதினாரோ, அந்த முடிச்சை அவர் கையாலேயே அவிழ்த்தார். அதோடு, சர்ச் நிலத்தில் குத்தகைக்கு இருந்தவர்கள் அந்த நிலத்தை விலைக்கு வாங்கவும் வழி கிடைத்தது. சுமார் 6,000 பேர் வாங்கினார்கள்.

சரி, எதிர்த்தவர்கள் பயந்தபடி சர்ச் அழிந்ததா? இல்லவே இல்லை. தன் சொந்தக் காலில் நின்று, இன்றைக்கும் இருக்கிறது.

1920-ல் வேல்ஸிலும் இதேபோல முடிச்சு அவிழ்ந்தது. நம் நாட்டிலும் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. வெள்ளைக்கார பிஷப்புகளுக்கும் சாப்ளின்களுக்கும் இந்திய வருமானத்திலிருந்து - அதாவது, இந்துவும் முஸ்லிமும் கட்டிய வரியிலிருந்து - சம்பளம் போனது. 1927-ல் சட்டம் வந்து, 1930-ல்தான் இந்தியாவின் ஆங்கிலிகன் சர்ச் இங்கிலாந்திலிருந்து தனியானது. 1947 செப்டம்பரில் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சி.எஸ்.ஐ. பிறந்தது அதற்குப் பிறகு.

இங்கிலாந்தில்? அங்கே மட்டும் 'ஆன்ட்டிடிஸ்...' கட்சிக்கே இன்னும் ஜெயம்! மன்னர்தான் இன்றைக்கும் சர்ச்சின் தலைவர். 26 பிஷப்புகளுக்குப் பிரபுக்கள் சபையில் நாற்காலி உண்டு.

அடுத்த முறை யாராவது ஸ்பெல்லிங் கேட்டு உங்களை மடக்கினால் கவலைப்படாதீர்கள். ஸ்பெல்லிங் தப்பினால் தப்பட்டும். அந்த 28 எழுத்துக்கு நடுவில், 40 ஷில்லிங் பாக்கிக்காக வாசலில் துப்பாக்கியைப் பார்த்த ஒரு தாய் நிற்கிறாள் என்று சொல்லுங்கள். அர்த்தம் புரிந்து விடும்!