எழும்பூரிலிருந்து கிளம்பிய சட்டாம்பிள்ளை

வாத்தியார் வெளியே போனால் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பையனை நம் எல்லோருக்கும் தெரியும். பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளைக்கு அதைவிடப் பெரிய வேலை. சின்னப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து மணலில் எழுத்துப் பழக்கும் பாதி வாத்தியார் அவன்.

இந்த வழக்கம் 1623இலேயே ஒரு வெளிநாட்டவர் கண்ணில் பட்டது. கன்னட நாட்டுக் கோயில் ஒன்றில் நான்கு சிறுவர்கள் ராகம் போட்டுக் கணக்குப் பாடி, தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் எங்கே என்று இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே கேட்டார். நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம் என்றார்கள். அவர் வியந்து எழுதிவைத்துவிட்டுப் போனார்.

அந்த வழக்கத்தைக் கப்பலேற்றியவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். 1789இல் எழும்பூரில், படைவீரர்களின் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளி அவர் பொறுப்புக்கு வந்தது. ஒருநாள் குதிரையில் போகையில், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் மனம் வைக்கவில்லை. வேறு வழியின்றி ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர்கள் முடியாது என்றதை அவன் செய்துகாட்டினான். அவன் பெயர் வரலாற்றில் ஏறிவிட்டது. பெல்லுக்கு வழிகாட்டிய அந்த உள்ளூர் வாத்தியார் யாரென்று தெரியாமல் போனதே என்பதுதான் என் ஆதங்கம்.

ஊர் திரும்பிய பெல், 1797இல் இதைச் சிறு நூலாக வெளியிட்டார். மறு ஆண்டே லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். பெல்லின் மணல் பலகையையும் எடுத்துக்கொண்டார். ஒரே வாத்தியாரும் சட்டாம்பிள்ளைகளும் இருந்தால் ஆயிரம் பேருக்குப் பாடம் நடத்தலாம் என்பது அவர் வாதம். முறையைக் கண்டவர் யார் என்று சண்டை மூண்டது. இங்கிலாந்துத் திருச்சபை பெல் பக்கம், மாற்றுச் சபையினர் லங்காஸ்டர் பக்கம். போட்டி போட்டுக்கொண்டு இரு தரப்பும் பள்ளிகளைத் திறந்ததில் ஏழைப் பிள்ளைகளுக்குத்தான் லாபம்.

1806இல் நியூயார்க்கின் இலவசப் பள்ளி இதே முறையில் தொடங்கியது. பின்னர் சிமோன் பொலிவாரின் ஆதரவோடு லங்காஸ்டர் கராகஸ் வரை போனார். 1838இல் நியூயார்க் தெருவில் குதிரை வண்டி மோதி இறந்தார்.

இந்த முறையின் தாயகம் இந்தியாதான் என்பதைக் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களே 1814இல் எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார்கள். பெல்லின் சொத்திலிருந்து ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஒரு பள்ளி எழுந்தது. 1833இல் திறந்த அதற்கு மெட்ராஸ் காலேஜ் என்று பெயர் வைத்தார்கள். 2021இல் புதுக் கட்டடத்துக்குக் குடிபோனபோதும் அந்தப் பெயரை அவர்கள் மாற்றவில்லை.