களிமண் சொன்ன கணக்கு

வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் வலுவும் இரண்டு மடங்குதானே? நியூட்டன் கோஷ்டி அப்படித்தான் சாதித்தது. இல்லை, நாலு மடங்கு என்றது லைப்னிட்ஸ் கோஷ்டி.

1722-ல் ஹாலந்துக்காரர் கிரேவ்சாண்டே பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் போட்டுப் பார்த்தார். இரு மடங்கு வேகத்தில் விழுந்தது, நாலு மடங்கு குழி பறித்தது! உங்கள் பைக்கும் இதே கதைதான். 30-ல் இருபதடிக்குள் நிற்கிற வண்டி, 60-ல் எண்பதடி கேட்கும். பிரேக்கின் பிடி அதேதான். செய்ய வேண்டிய வேலைதான் நாலு மடங்கு.

பாரிஸ் பண்டிதர்கள் அசைவார்களா? 1740-ல் எமிலி து ஷாத்லே என்கிற பெண்மணி லைப்னிட்ஸ் பக்கம் நின்று புத்தகமே போட்டார். அகாதமிச் செயலாளர் மெய்ரான் ஏளனமாகப் பதில் எழுத, அம்மணியும் அச்சிலேயே விளாசினார்.

1749-ல் பிரசவத்துக்குப் பின் மரணம். வயது 42. கடைசி மாதங்களில் ராப்பகலாக அவர் பிரெஞ்சில் பெயர்த்துக்கொண்டிருந்தது யாருடைய புத்தகம் தெரியுமா? நியூட்டனுடையது!