பத்தொன்பது எழுத்துத் துண்டு

சேர்வராயன் கோயில் 5,300 அடிக்கு மேலே இருக்கிறது. குகைக்குள் குனிந்துபோய் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட்டுவிட்டு வந்து டீக்கு நின்றால், அங்கே தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டியதில்லை, 95 போதும். மனித டி.என்.ஏ.வின் இரட்டை இழையும் அந்தச் சூட்டில் இரண்டாகப் பிரிந்துவிடும்.

அப்படிப் பிரிந்த இழையில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்ன டி.என்.ஏ. துண்டின் கதை இது. ஏ, டி, ஜி, சி என்ற டி.என்.ஏ. எழுத்துகளில் எழுதினால் நீளம் 19 எழுத்து.

அது பிறப்பதற்கு முப்பது ஆண்டு முன்பே அதற்கான வேலை நம் மலைகளில் காத்திருந்தது. நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தில் அரிவாள் செல் தன்மை இருப்பதை ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் 1952இல் எழுதினார்கள். வட்டமான சிவப்பணு, ஆக்ஸிஜன் குறைந்தால் கதிர் அரிவாளாக வளைகிறது. காரணம், பீட்டா குளோபின் மரபணுவில் ஒரே எழுத்து: ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’.

துண்டு பிறந்தது கலிபோர்னியாவில், ‘சிட்டி ஆஃப் ஹோப்’ ஆய்வகத்தில். அங்கிருந்த புரூஸ் வாலஸின் பெயரில் ஒரு வாய்க்கணக்கு உண்டு: ஏ–டி ஜோடிக்கு 2 டிகிரி, ஜி–சி ஜோடிக்கு 4 டிகிரி. நம் துண்டில் முதல் வகை 8, இரண்டாம் வகை 11. கூட்டினால் 60. சரியான மரபணுவோடு சேர்ந்தால் ஏறத்தாழ அந்தச் சூடுவரை பிடி விடாது.

பிழையுள்ள மரபணுவோடு சேர்ந்தால்? ஏழாவது எழுத்தில் ‘ஏ’வுக்கு எதிரே ‘டி’ இல்லை, இன்னொரு ‘ஏ’ நிற்கும். மற்ற 18 ஜோடியும் சரிதான். ஆனாலும் பல டிகிரி முன்பே பிடி தளர்ந்துவிடும். பிழை ஓரத்து எழுத்தில் இருந்திருந்தால் இவ்வளவு வித்தியாசம் தெரிந்திருக்காது.

ஏழாவது எழுத்தாக ‘டி’ வைத்த இரண்டாவது துண்டையும் செய்தார்கள். இரண்டிலும் கதிரியக்கப் பாஸ்பரஸ். ஒருவரின் டி.என்.ஏ.வில் ஒட்டவிட்டு, அளந்த சூட்டில் கழுவினால் பொருந்தாதது நழுவிவிடும். பொருந்தியது எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்புக் கோடாக விழும். முதல் துண்டு மட்டும் நின்றால் நோயில்லை. இரண்டாவது மட்டும் நின்றால் நோய். இரண்டும் நின்றால் அவர் கடத்தி, அதாவது ஒரு சரியான மரபணுவும் ஒரு பிழையுள்ள மரபணுவும் உள்ளவர். 1983இல் இது வெளியானது. சூடு குறைந்தால் எல்லாம் ஒட்டும், கூடினால் எதுவும் நிற்காது. என்னைக் கேட்டால், இதில் சாமர்த்தியம் துண்டில் இல்லை, கழுவுகிற தண்ணீரில்தான்.

பிறகு, மரபணுத் துண்டைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். வந்தது. கதிரியக்கம் போய்ச் சாயம் வந்தது. இப்போது பல சோதனைகளில் துண்டு நைலான் பட்டையில் அசையாமல் உட்கார்ந்திருக்க, மரபணுதான் அதைத் தேடி வருகிறது. கருவிலேயே நோயறிய டி.என்.ஏ. சோதனை வேண்டும், ஊர் ஊராகப் போய்ச் சலித்தெடுக்க அது தேவையில்லை, ஒரு சொட்டு ரத்தம் போதும்.

தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில், பழங்குடிப் பகுதிகளின் ஏழு கோடிப் பேரை அரிவாள் செல் நோய்க்காகச் சோதிக்கும் திட்டத்தை மத்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கியது. சேர்வராயனைக் கும்பிடும் மலையாளி மக்களும் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள்தான். கடத்திக்குப் பெரும்பாலும் எந்த நோயும் தெரியாது. ஆனால் கணவன் மனைவி இருவருமே கடத்தி என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் நோய்க்கு நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. சோதித்துக்கொண்டவர்களுக்கு அட்டை தருகிறார்கள். பெண் பார்க்கப் போகும்போது ஜாதகத்தோடு அதையும் எடுத்துப்போங்கள்.