ஒரு கிராம் பித்தளை

உங்கள் வீட்டில் பழைய கறுப்பு சைக்கிள் இருந்தால் அதன் கம்பிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40. ஆக மொத்தம் 72 'போக்ஸ்' கம்பி. பின்னால் மட்டும் ஏன் எட்டு அதிகம்? ஓட்டுபவர், கேரியரில் ஏறும் அரிசி மூட்டை, கூடவே தொற்றிக்கொள்ளும் பையன்... எல்லாப் பாரமும் அங்கேதான். போதாததற்கு செயின் இழுப்பதும் அந்தச் சக்கரத்தைத்தான்.

இந்த 72 கம்பிகளையும் ரிம்மில் பிடித்து வைத்திருப்பது எது? ரிம் ஓட்டையிலிருந்து எட்டிப் பார்க்கிறதே, சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு சின்னக் குழாய், அதுதான். சைக்கிள் கடையில் 'நிப்பிள்' என்பார்கள். உள்ளே மரை. வெளியே சாவி போட்டுத் திருப்ப நான்கு பட்டை. எடை? பித்தளை என்றால் ஏறக்குறைய ஒரு கிராம். அவ்வளவுதான்.

இந்த ஒரு கிராமை எந்த உலோகத்தில் செய்வது என்பதற்குப் பின்னால் நூற்றைம்பது வருடக் கதை இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் வைகாசி மாதம் வரதராஜப் பெருமாள் தேரில் வருவார். பழைய மரத் தேர்ச் சக்கரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கனத்த மரம். மேலே ஏறும் பாரம் அச்சு வழியாக இறங்கி, கீழே இருக்கும் மரத்தை அழுத்தும். மாட்டு வண்டிச் சக்கரமும் அப்படித்தான். ஆரக்கால் என்பது ஒரு தூண். பாரத்தைத் தாங்கி நிற்கும்.

சைக்கிள் சக்கரம் இதற்கு நேர் எதிர். இரண்டு மில்லிமீட்டர் கம்பி எதைத் தூண் மாதிரி தாங்கும்? விரலால் அழுத்தினாலே வளைந்துவிடும். ஆனால், அதே கம்பியை இழுத்துப் பாருங்கள், லேசில் அறாது. அதனால் எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே முறுக்காக இழுத்துக் கட்டி வைத்துவிடுகிறார்கள். நன்றாகக் கட்டிய சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் 80, 100 கிலோ இழுவையில் நிற்கும். பாரம் ஏறும்போது தரையை ஒட்டி இருக்கும் கம்பிகளின் இழுவை கொஞ்சம் குறையும். சக்கரம் சுற்றியதும் பழைய இழுவை திரும்பிவிடும். இப்படி ஒவ்வொரு சுற்றிலும் நடக்கிறது. ஜோப்ஸ்ட் பிராண்ட் என்ற எஞ்சினீயர் 1981-ல் இந்தச் சக்கரத்துக்காகவே ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

யோசனை இன்னும் பழசு. ஆகாய விமான ஆராய்ச்சியில் இறங்கிய ஜார்ஜ் கேலி என்ற ஆங்கிலேயர், எடை குறைந்த சக்கரம் வேண்டுமென்று 1808-லேயே இதைக் குறித்து வைத்தார். பாரீஸில் யூஜீன் மேயர் 1869-ல் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருடமே இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மேனும் 'ஏரியல்' வண்டியோடு வந்தார்கள். அதில் எல்லாக் கம்பிகளையும் ஒரே நேரத்தில் மொத்தமாக இறுக்க நெம்புகோல் இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு கம்பி தொய்ந்துபோனால்? ஒவ்வொன்றையும் தனித்தனியாக முறுக்க வழி வேண்டும். அந்த வழிதான் நிப்பிள்.

சரி, அதை எதில் செய்வது?

இங்கிலாந்தில் சைக்கிள் தொழில் வளர்ந்த இடங்கள் கோவென்ட்ரி, பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம். இதில் பர்மிங்ஹாம் அந்தக் காலத்தில் உலகத்தின் பித்தளைப் பட்டறை. பொத்தான், குழாய், கட்டில் கைப்பிடி என்று சகலமும் அங்கே பித்தளையில் வார்த்தார்கள், கடைந்தார்கள். பித்தளை பக்கத்துத் தெருவிலேயே கிடைத்தது வசதிதான். ஆனால், வசதிக்காக வந்தது நூறு வருடத்துக்கு மேல் நின்றதற்குக் காரணம் வேறு.

பித்தளை துருப்பிடிக்காது. எஃகுக் கம்பியின் மரையில் பித்தளை வழுக்கிக்கொண்டு திரும்பும், ஒட்டிக்கொண்டு கடிக்காது. மழையில் நனைந்து, சேற்றில் புரண்டு, பத்து வருடம் கழித்துச் சாவி போட்டாலும் பெரும்பாலும் நகரும். அதைவிட என்ன வேண்டும்?

எஃகில் செய்தால் விலை மலிவு. மேலே துத்தநாக முலாம் பூசிப் பளபளவென்று கொடுப்பார்கள். முலாம் தேய்ந்ததும் கம்பியும் நிப்பிளும் துருவில் ஒன்றாகிவிடும். திருப்பினால் நிப்பிள் நகராது, கம்பிதான் முறுக்கிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் 'டப்'.

அலுமினியம்? எடை பித்தளையில் மூன்றில் ஒரு பங்குதான். பந்தய சைக்கிள்காரர்களுக்குப் பிடித்தமானது. ஆனால் உப்பு ஈரத்தில் எஃகோடு சேர்ந்திருந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கப்படும். கடற்கரை ஊர்களில் கேட்கவே வேண்டாம். கடைசியில் தலை பிய்த்துக்கொண்டு வரும். நம் வண்டிக்குக் கணக்குப் போடுங்கள். 72 நிப்பிளையும் மாற்றினால் மிச்சமாவது ஏறக்குறைய 50 கிராம். வண்டியின் எடையோ 20 கிலோ. ஒரு டம்ளர் தண்ணீர் குறைவாகக் குடித்துவிட்டு ஏறினால் அதைவிட அதிகமாக மிச்சம் பிடிக்கலாம்!

இந்தியாவுக்கு சைக்கிள் முதலில் கப்பலில்தான் வந்தது. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் கைகோத்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. காஞ்சிபுரத்திலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அந்த இங்கிலாந்து கம்பெனிக்கு ஊர் எது? அதே பர்மிங்ஹாம்தான்! பிறகு சோனிபட்டில் அட்லஸ் (1951), லூதியானாவில் ஹீரோ (1956). உதிரி பாகங்களுக்கு லூதியானாவின் சின்னச் சின்னப் பட்டறைகள் என்று ஆயிற்று.

காமர்ஸ் படித்தவனுக்கு இங்கேதான் கை பரபரக்கும். பித்தளையில் பெரும்பங்கு செம்பு. லண்டன் உலோகச் சந்தையில் 2003-ல் டன் 2,000 டாலருக்குக் கீழே கிடந்த செம்பு, 2006 மே மாதத்தில் 8,000 டாலரைத் தாண்டியது. நிப்பிள் ஒன்றில் சில பைசா மிச்சம் பிடித்தால் வண்டிக்கு 72 மடங்கு. லட்சம் வண்டிக்கு? 72 லட்சம் மடங்கு. கணக்கு நோட்டில் அது லாபம். ஆனால் அந்த நோட்டில் ஒரு வரி விட்டுப்போகிறது. துருப்பிடித்த சக்கரம் கோணும்போது யார் செலவு செய்வது?

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜரிகையில் அவர்கள் பார்க்காததா? பட்டு நூல்மேல் வெள்ளி இழை, அதன்மேல் தங்க முலாம். அதுதான் அசல். வெள்ளி விலை ஏற ஏறச் செம்பு உள்ளே நுழைந்தது. பிறகு பட்டுக்குப் பதில் பாலியெஸ்டர். கடையில் பார்க்க எல்லாமே மின்னும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஜரிகையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். ஏமாந்த ஜரிகையால் போவது பணமும் கௌரவமும். ஏமாந்த நிப்பிளால் போவது அன்றைய பிழைப்பு.

இன்னொரு விஷயம். நெசவாளர் வீடுகளில் தார் சுற்றும் ராட்டையைப் பாருங்கள். பல வீடுகளில் அது பழைய சைக்கிள் சக்கரம்தான். ரோட்டில் ஓடி முடித்த சக்கரம், வீட்டுக்குள் உட்கார்ந்து பட்டு நூல் சுற்றுகிறது. கோணலாக ஆடினால் அங்கேயும் தொல்லைதான்.

1991-92-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களைக் கூட்டம் கூட்டமாக சைக்கிளில் ஏற்றியது. 2001 முதல் தமிழக அரசு பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பிறகு மாணவர்களுக்கும் விரிவுபடுத்தியது. பஸ் வராத ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருப்பது அந்த இரண்டு சக்கரம்தான். நிப்பிள் திரும்பினால் ஐந்து நிமிடத்தில் கோட்டம் எடுத்துவிடலாம். திரும்பாவிட்டால் கம்பியை அறுத்து, புதுசு போட்டு, சக்கரத்தையே மறுபடி கட்ட வேண்டும். அதற்குக் காசு சேரும் வரை நடை. நடக்க முடியாத தூரம் என்றால்?

அடுத்த முறை சக்கரம் கட்டக் கொடுக்கும்போது ஒரு நிப்பிளைக் கையில் வாங்கிப் பாருங்கள். மாட்டிய பிறகு சோதித்தால் கம்பியும் ரிம்மும் குழப்பிவிடும். காந்தத்தில் ஒட்டினால் எஃகு. ஒட்டாமல் பஞ்சு மாதிரி இருந்தால் அலுமினியம். ஆணியால் சுரண்டும்போது வெள்ளை முலாமுக்குக் கீழே மஞ்சள் தெரிந்தால் பித்தளை.

கல்யாணப் பட்டுக்கு ஜரிகையைச் சுரண்டிப் பார்க்கிறோம். தினமும் பிள்ளை ஏறிப் போகிற வண்டிக்கும் ஒரு தடவை சுரண்டிப் பார்த்தால் தப்பில்லை.