ஒட்டகச் சேணத்தில் போன கொழுக்கட்டைப்புல்

ஜோத்பூர் பக்கம் விவசாயக் கடன் பார்க்கிறவர்களுக்குத் தாமன் புல் என்ற பெயர் அத்துப்படி. அது வேறொன்றுமில்லை, எங்க காங்கேயம் கொறங்காட்டில் மாடு மேயும் அதே கொழுக்கட்டைப்புல்தான். வறட்சி தாங்கும், மிதி தாங்கும், மழை பட்டால் மறுபடி துளிர்க்கும். இந்தப் புல்லும் ஒட்டகமும் சேர்ந்து ஆஸ்திரேலியா போன கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கேரவன் என்றால் முன்பு ஒட்டக வரிசை. பழந்தமிழில் அதற்குச் சாத்து என்று பெயர். கோவலனின் அப்பா மாசாத்துவான் பெயரில் இருப்பது அதுதான். இன்றைய ஆஸ்திரேலியாவில் கேரவன் என்றால் காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற சக்கர வீடு. பணி ஓய்வு பெற்ற தம்பதிகள் குளிர்காலக் கடைசியில் இதை இழுத்துக்கொண்டு பாலைவனத்துக்குக் கிளம்புகிறார்கள், பூ பார்க்க!

நல்ல மழை பெய்த வருடம் என்றால் செம்மண் தரை முழுக்கப் பூ. அதில் பேர் பெற்றது ஸ்டர்ட் பாலைப் பட்டாணி. ரத்தச் சிவப்பு இதழ், நடுவில் பளபளக்கும் கறுப்புக் குமிழ். விதைத்தோல் கெட்டி என்பதால் பல வருடம் மண்ணிலேயே கிடந்து, மழை வந்ததும் முளைக்கும். 1961 முதல் இதுதான் தெற்கு ஆஸ்திரேலியாவின் மாநிலப் பூ.

சரி, அந்த வழிகள் எப்படி வந்தன? நீரூற்று எங்கே இருக்கிறது என்பதை ஆயிரக்கணக்கான வருடங்களாக அறிந்தவர்கள் பூர்வகுடிகள். அந்தத் தண்ணீரை நம்பிச் சரக்கு ஏற்றிப் போனவர்களில் முக்கியமானவர்கள், இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் போன ஒட்டகக்காரர்கள்.

1860ல் பர்க், வில்ஸ் குழுவின் பயணத்துக்காகக் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்கள் மெல்பர்னில் போய் இறங்கின. சில வருடங்களில் தாமஸ் எல்டர் என்ற பெரும் பண்ணையார் நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும் 31 ஆட்களையும் வரவழைத்தார். பலூச், பட்டாணியர், சிந்திகள், பஞ்சாபிகள், ராஜஸ்தானிகள் என்று எல்லோரும் போனார்கள். எல்லோருக்கும் அங்கே ஒரே பெயர்: ஆப்கான். பெரும்பாலும் மூன்று வருட ஒப்பந்தம், குடும்பத்தைக் கூட்டிப் போக வழியில்லை. தந்திக் கம்பிக்கும் சுரங்கங்களுக்கும் பண்ணைகளுக்கும் வேண்டிய சரக்கு இவர்கள் ஒட்டக முதுகில்தான் போனது. கம்பளி மூட்டைகள் திரும்பி வந்ததும் அப்படித்தான்.

பேஜா தர்வேஷ் என்ற பலூச்சிக்காரர் 1896ல் கால்வெர்ட் குழுவோடு கிரேட் சாண்டி பாலைவனத்தைக் கடந்தார். குழுவில் இரண்டு பேர் தாகத்தால் செத்துப்போன பயணம் அது. தலைவர் லாரன்ஸ் வெல்ஸ் தன் திசைகாட்டியையே பேஜாவுக்குப் பரிசாகக் கொடுத்தார். மரீ என்ற ஊரில் பேரீச்சை வளர்த்த பேஜா, 1957ல் காலமானார்.

தனி மனிதர் கொடுத்த மரியாதை அது. அரசாங்கத்தின் கணக்கு வேறு. 1901ல் வெள்ளையர் அல்லாதாரைத் தடுக்கும் குடியேற்றச் சட்டம் வந்தது. 1903ல் ஆசியர்களுக்குக் குடியுரிமை வழியும் அடைபட்டது. பிறகு லாரி வந்தது. 1925ல் தெற்கு ஆஸ்திரேலியா ஒரு சட்டம் போட்டது. ஒட்டக அழிப்புச் சட்டம் என்றே அதற்குப் பெயர். கூடவே இருந்த பிராணியைச் சுட மனசு வராமல் பலர் அவிழ்த்துவிட்டுப் போனார்கள். அவை பெருகியதில், 2009லிருந்து 2013 வரை நடந்த ஒரு அரசுத் திட்டத்தில் மட்டும் சுமார் 1,60,000 ஒட்டகங்கள் குறைக்கப்பட்டன.

இப்போது புல்லுக்கு வருவோம். பொதிச் சேணத்துக்குள் அடைத்த வைக்கோலில் நம்ம கொழுக்கட்டைப்புல்லின் விதையும் இருந்தது. சேணம் கிழிந்த இடத்தில் விதை விழுந்து முளைத்தது. அங்கே அதற்குப் பஃபல் புல் என்று பெயர். இன்று அது பாலைவனப் பூக்களுக்கு எமனாக நிற்கிறது. அடர்த்தியாக வளர்ந்து, காய்ந்ததும் கடும் வெப்பத்தோடு எரியும். எரிந்த பிறகு தான் மட்டும் முதலில் துளிர்க்கும். மழைக்குக் காத்திருந்த பூவிதைக்கு இடமே இருக்காது. தெற்கு ஆஸ்திரேலியா 2015லும் வடக்குப் பிரதேசம் 2024லும் இதைக் களை என்று அறிவித்தன.

இதைச் சொல்லும்போது 'ஒட்டகக்காரர்கள் கொண்டுவந்த புல்' என்று முடித்துவிடுகிறார்கள். வங்கிக்காரன் கண்ணுக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை. சேணத்திலிருந்து சிதறியது கொஞ்சம். இருபதாம் நூற்றாண்டில் மேய்ச்சலுக்கும் புழுதியை அடக்கவும் பண்ணைக்காரர்களும் அரசுத் துறைகளும் வேண்டுமென்றே விதைத்ததுதான் மிச்சம் அத்தனையும். பாதையில் நடந்த உழைப்பை யாரோ பேரில் வரவு வைத்துவிட்டு, புல்லை மட்டும் ஒட்டகக்காரன் பேரில் பற்று எழுதுவது என்ன நியாயம்?

அடிலெய்டிலிருந்து டார்வின் போகும் ரயிலுக்குத் 'தி கான்' என்று பெயர்; ஆப்கான் என்பதன் சுருக்கம்தான். சின்னமும் ஒட்டகம்தான். குடியுரிமை மறுத்த தேசம் கடைசியில் ரயிலுக்குப் பெயர் வைத்திருக்கிறது. வைக்காததற்கு இது தேவலாம், அவ்வளவுதான்.